சாப்பாட்டை ஆறவிடாத பெட்டிகள்

வசதியான வீட்டுச் சமையலறைப் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இது கண்ணில் படும். சுவரில் பதித்த அவனுக்குக் கீழே, ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில், கைப்பிடிகூட இல்லாத ஒரு தட்டையான பலகை. லேசாக அழுத்தினால் மேசை இழுப்பறை மாதிரி வெளியே வரும். உள்ளே கண்ணாடித் தளம், ஒரு சின்ன மின்விசிறி, ஒரு திருகு. இதன் பெயர் வார்மிங் டிராயர். இது சமைக்காது, பொரிக்காது, குளிர்விக்காது. சமைத்ததை ஆறவிடாமல் வைத்திருக்கும். சாப்பிடும் தட்டைச் சூடாக்கித் தரும். அவ்வளவுதான்.

அந்த ஒரு வேலைக்குப் போய் தனியாக ஒரு மின்சாதனமா, அதுவும் அந்த விலைக்கு, என்று கேட்பது நியாயம்தான். ஆனால் இந்த இழுப்பறை இன்றோ நேற்றோ யாரோ விற்பனைக்காரர் யோசித்துக் கொண்டுவந்த சரக்கு இல்லை. இதன் தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாம் உண்டு. அந்தப் பரம்பரையைப் பின்னோக்கிப் போனால் இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகள், வேலைக்காரப் பெண்களின் அதிகாலைகள், கண் பார்வை இழந்த ஒரு நோபல் விஞ்ஞானி, ஆட்டுக்குட்டிகள், ஒரு மனநல மருத்துவமனையில் நடந்த சாவுகள் என்று எங்கெங்கோ போய் முட்டுகிறது.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. சாப்பாட்டைச் சூடாக வைப்பது சரி, தட்டை எதற்குச் சூடாக்க வேண்டும்?

வாழை இலையில் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை புரியாது. இலைக்கு எடையே கிடையாது, அதனால் சோற்றிலிருந்து அது உறிஞ்சும் சூடும் மிகக் குறைவு. பீங்கான் தட்டு அப்படி இல்லை. சின்ன கணக்கு ஒன்று போடலாம். 600 கிராம் எடையுள்ள தட்டு, 20 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அதில் 75 டிகிரி சூட்டில் 300 கிராம் சாப்பாட்டை வைக்கிறோம். தண்ணீர் நிறைந்த சாப்பாடு கிராமுக்கு ஏறக்குறைய 3.5 ஜூல், பீங்கான் 0.8 ஜூல் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சமமாகும்போது சாப்பாடு 58 டிகிரிக்கு வந்துவிடும். காற்று எதுவும் படாமலே, வெறும் தட்டு மட்டும் 17 டிகிரியைத் தின்றுவிடுகிறது! இங்கிலாந்துக் குளிர்காலத்தில், கணப்பு இல்லாத அறையின் அலமாரியிலிருந்து எடுத்த தட்டு என்றால் இன்னும் மோசம். அவர்கள் சாப்பாட்டில் ஆட்டிறைச்சியும் அதன் கொழுப்பில் செய்த குழம்பும் முக்கியம். ஆட்டுக்கொழுப்பு நம் உடல் சூட்டிலேயே உறைந்து நிற்கும் சமாச்சாரம். ஆறிய தட்டில் ஊற்றினால் மெழுகு மாதிரி வெள்ளையாகப் படிந்துவிடும். சூடான தட்டு அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை, தேவை.

இப்போது 18ஆம் நூற்றாண்டு மாளிகைக்குப் போவோம். டெர்பிஷயரில் கெடில்ஸ்டன் ஹால் என்று ஒரு மாளிகை உண்டு. ராபர்ட் ஆடம் என்ற புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் 1760 முதல் அதில் வேலை செய்தார். நடுவே பிரதானக் கட்டிடம், அதிலிருந்து வளைந்து போகும் தாழ்வாரத்தின் முடிவில் தனிக் கட்டிடமாகச் சமையலறை. அந்தக் காலத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் இதுதான் ஏற்பாடு. காரணம் இரண்டு: தீ விபத்துப் பயம், சமையல் வாசனை. இந்த வாசனை விஷயத்தில் அவர்கள் காட்டிய கண்டிப்பு வேடிக்கையானது. 1864-ல் ராபர்ட் கெர் என்பவர் கனவான்களின் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தடித்த புத்தகமே எழுதினார். சமையலறை நாற்றமும் சத்தமும் எஜமானர் பக்கம் வரவே கூடாது என்று அதில் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார். வாசனை வராத தூரத்தில் சமையலறை இருந்தால் சாப்பாடு சூடாக வராது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பிரபுக்கள் சமையலறையை நகர்த்தவில்லை. தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டு சூடுகாக்கும் பெட்டிகளைச் செய்யச் சொன்னார்கள்.

அப்படி வந்தவற்றில் முதலாவது, தகரத்தால் ஆன உயரமான அலமாரி. முன்பக்கம் கதவு, பின்பக்கம் திறந்திருக்கும். திறந்த பக்கத்தை அடுப்பு நெருப்பை நோக்கித் திருப்பி வைப்பார்கள். உள்ளே தட்டுகள் அடுக்கியிருக்கும். வேலையாள் முன்கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, இரட்டை அடுக்குத் தட்டு. நடுவில் வெந்நீர் ஊற்ற ஒரு சின்ன வாய் இருக்கும். மூன்றாவதுதான் அழகு. சாப்பாட்டறையில் பரிமாறும் மேசைக்கு இரு பக்கமும் தூண் மாதிரி இரண்டு மரப்பெட்டிகள் நிற்கும், மேலே ஒரு அலங்காரக் கலசத்துடன். ஹெப்பிள்வைட் என்ற தச்சர் இறந்த பிறகு 1788-ல் அவர் மனைவி வெளியிட்ட வடிவமைப்புப் புத்தகத்தில் இந்தத் தூண்களுக்கு விளக்கம் உண்டு. ஒரு தூணின் உட்புறம் முழுவதும் தகரம் அடித்து, தட்டுகளுக்கு அடுக்கு வைத்து, அடியில் சூடேற்றிய இரும்பை வைக்க இடம் விட்டிருப்பார்கள். விருந்தாளிக்கு அது வெறும் அலங்காரத் தூண். மரப்பெட்டிக்குள் பழுக்கக் காய்ச்சிய இரும்பு!

இதில் ஒரு சின்னக் கிளை மதராஸுக்கும் வருகிறது. வெள்ளைக்காரர்களின் பங்களாக்களில் சமையற்கட்டு வீட்டுக்குப் பின்னால் தனிக் கட்டிடமாக இருக்கும்; வெயிலிலும் மழையிலும் தோட்டத்தைக் கடந்து சாப்பாடு வர வேண்டும். மதராஸ் படையில் இருந்த கென்னி ஹெர்பர்ட் என்ற கர்னல், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878-ல் மதராஸ் வெள்ளைக்காரர்களுக்காகச் சமையல் புத்தகம் எழுதினார். சமையல் குறிப்போடு நில்லாமல், இங்கிருந்த சமையற்கட்டுகளின் அவல நிலையையும் அவர் விளாசியிருக்கிறார். அந்தப் புகைக் கொட்டகையில் நாள் முழுக்க நின்ற சமையல்காரருக்குத்தான் அந்த அவலம் அதிகம் தெரிந்திருக்கும்.

அடுத்த மாற்றம் வார்ப்பிரும்பு அடுப்பில் வந்தது. அதுவரை ஐரோப்பியச் சமையல் திறந்த நெருப்பில். லண்டனில் தாமஸ் ராபின்சன் 1780-லும், எக்ஸிட்டர் நகரத்து ஜார்ஜ் போட்லி 1802-லும் அடுப்புக்குக் காப்புரிமை எடுத்தார்கள். போட்லியின் அடுப்பில் நெருப்பை இரும்புத் தகட்டால் மூடிவிட்டார். புகையும் சூடும் நேராக மேலே ஓடாமல், அடுப்பின் வயிற்றுக்குள் வளைந்து வளைந்து சுற்றிப் பிறகே வெளியேறும். அதே காலத்தில் கவுண்ட் ரம்ஃபோர்டு என்ற பெயரில் அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன், திறந்த அடுப்பில் எரிபொருளின் பெரும்பகுதி வீணாகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் பிறந்து, சுதந்திரப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று, பவேரியாவுக்குப் போய் பிரபு பட்டம் வாங்கியவர். வெப்பம் என்பது ஒரு பொருள் அல்ல, இயக்கம் என்பதற்கு முக்கியமான சான்று தந்ததும் இவரே. இயற்பியல் பாடத்தில் பீரங்கி துளைக்கும் கதையில் வருவாரே, அவரேதான்.

மூடிய அடுப்பு வந்ததும் வீணாகும் சூட்டை எங்கே பிடித்து வைப்பது என்ற யோசனையும் கூடவே வந்தது. சுற்றிப் போகும் புகை, புகைபோக்கிக்குள் நுழையும் முன் ஒரு அலமாரியின் முதுகைத் தடவிவிட்டுப் போகட்டும்! அமெரிக்க விறகு, நிலக்கரி அடுப்புகளில் இது அடுப்புக்கு மேலே, கண் உயரத்தில், வளைந்த கதவுகளோடு ஒரு பெட்டியாக உட்கார்ந்தது. சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தபால் விற்பனைப் பட்டியல்களில் இந்த மேல்பெட்டி வைத்த அடுப்புகள் பக்கம் பக்கமாக வந்தன. பண்ணை வீடுகளில் அது எத்தனை வேலை பார்த்தது! ரொட்டி மாவு பொங்க வைப்பது, வயலிலிருந்து தாமதமாக வருபவரின் சாப்பாட்டை மூடி வைப்பது, ஈரமான கையுறைகளைக் காய வைப்பது. குளிரில் விறைத்துப்போன கோழிக்குஞ்சுகளைக் கந்தல் துணியில் சுற்றி அடுப்பின் வெதுவெதுப்பில் வைத்துப் பிழைக்கவைப்பதும் பண்ணை வழக்கம். இந்தப் பெட்டிக்கென்று தனியாக ஒரு சுள்ளி விறகுகூட எரிக்க வேண்டாம் என்பதுதான் இதன் சிறப்பு. இன்றைய மின் இழுப்பறை இந்த ஒரு விஷயத்தில் தன் தாத்தாவைவிடக் கீழேதான்.

பணக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். கார்ன்வாலில் லான்ஹைட்ராக் என்ற மாளிகை 1881-ல் தீப்பிடித்து எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. அதில் சாப்பாட்டறைக்குப் பக்கத்திலேயே பரிமாறும் அறை ஒன்று அமைத்து, குழாய் வழியே சூடு வரும் இரும்பு அலமாரியும் வைத்தார்கள். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் வந்தபோது, சில ரேடியேட்டர்களின் நடுவிலேயே அலங்காரக் கதவுகளோடு ஒரு பெட்டியை வார்த்துவிட்டார்கள். வீடும் சூடாகும், தட்டும் சூடாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சாப்பாட்டறைகளில் இவை பரவலாக இருந்தன. பழைய வீடுகளை இடிக்கும்போது இன்றும் கிடைக்கின்றன. புராதனப் பொருள் வியாபாரிகளிடம் நல்ல விலை.

இவ்வளவு சொன்னதில் ஒரு ஆள் விடுபட்டுவிட்டார். இந்தப் பெட்டிகளைச் சூடாக வைத்திருந்தது யார்?

1891 கணக்கெடுப்புப்படி இங்கிலாந்து, வேல்ஸில் வீட்டு வேலை செய்த பெண்கள் 13 லட்சத்துக்கும் மேல். பெரிய வீட்டில் அடுப்புக்கென்றே ஒரு சின்னப் பெண் இருப்பாள், வேலைக்காரர்கள் வரிசையிலேயே கடைசி ஆள். வீடு எழுவதற்கு முன் அவள் எழ வேண்டும். முந்தைய நாள் சாம்பலை அள்ளி, எரியாத கரியைச் சலித்துப் பிரித்து, புகைப்பாதைகளில் படிந்த கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டாவிட்டால் சூடு சுற்றாது, அலமாரி ஆறிப்போகும். பிறகு வார்ப்பிரும்பு துருப்பிடிக்காமல் இருக்கக் கிராஃபைட் பூச்சைத் தடவி, பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். அந்தக் காலத்தில் 'சர்வீஸ்' என்றால் இதுதான், தினமும். ஹன்னா கல்விக் என்ற வேலைக்காரப் பெண் 1850களிலிருந்து பல ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். அது பின்னாளில் புத்தகமாகவும் வந்தது. அடுப்பு தேய்த்தது, கணப்பு துடைத்தது, பூட்ஸ் துடைத்தது என்று நாளுக்கு நாள் அதே பட்டியல்தான் வரும். மேலே மேசையில் தட்டு சூடாக இருப்பதை அவர் வர்க்கத்தவர் தொட்டுப் பார்த்தது கழுவும்போது மட்டுமே.

முதல் உலகப்போர் இதைக் கலைத்துப்போட்டது. தொழிற்சாலை வேலையைப் பார்த்துவிட்ட பெண்கள் மாளிகை வேலைக்குத் திரும்ப அவ்வளவாக விரும்பவில்லை. நடுத்தர வீடுகளில் எஜமானியே அடுப்படிக்கு வர வேண்டியதாயிற்று. சூடுகாக்கும் பெட்டியின் வரலாறு இங்கேதான் திரும்புகிறது. வேலையாள் ஓடும் தூரத்தைச் சமாளிக்க வந்த பெட்டி, இப்போது ஆளே இல்லாத வீட்டில் ஆள் வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று.

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926-ல் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சுமார் 10,000 வீடுகளில் அப்படியே வைக்கப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுவே மூலம். அதில் அடுப்புக்குப் பக்கத்திலேயே சூடு வெளியேறாதபடி அமைத்த ஒரு பெட்டியைக் கட்டுமானத்தோடு சேர்த்தே வைத்திருந்தார். காலையில் பானையை ஒரு கொதி வரவைத்து உள்ளே இறக்கி மூடிவிட்டு வேலைக்குப் போகலாம். தன் சூட்டிலேயே அது வெந்துகொண்டிருக்கும். வைக்கோல் பெட்டி என்ற இந்த யோசனை புதிதில்லை. நார்வே நாட்டவர் ஒருவர் 1867 பாரிஸ் கண்காட்சியிலேயே இதைக் காட்டினார்; இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் அரசும் எரிபொருள் மிச்சத்துக்காக இதைப் பிரசாரம் செய்தது. ஆனால் வேலைக்குப் போகும் பெண்ணை மனதில் வைத்து அதைச் சமையலறையில் பதித்தது லிஹோட்ஸ்கி. இன்று மின்சாரமே இல்லாத ஒரு பெட்டியை 'பதித்த சூடுகாப்பான்' என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த இழுப்பறை வம்சத்தில் மிகவும் புத்திசாலியான உறுப்பினர் அதுதான்.

இன்னொரு பக்கம் ஸ்வீடன். குஸ்தாஃப் டாலேன், கலங்கரை விளக்குகளைத் தானாகவே இயங்கவைத்ததற்காக 1912-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். அதே ஆண்டு அசிட்டிலீன் வாயு வெடித்துக் கண் பார்வை போயிற்று. வீட்டில் இருந்தபோது மனைவி எல்மா அடுப்போடு படும் பாட்டை உணர்ந்து ஒரு அடுப்பை வடிவமைத்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. 1922-ல் வந்தது ஆகா அடுப்பு. கனமான வார்ப்பிரும்பு சூட்டைச் சேமித்து வைத்து நாள் முழுவதும் ஒரே சீராகக் கொடுத்துக்கொண்டிருக்கும். பிரிட்டனில் அதற்குப் பெரிய மவுசு. (பின்னாளில் விளம்பர உலகின் சக்கரவர்த்தியான டேவிட் ஓகில்வி இளம் வயதில் வீடு வீடாக ஏறி ஆகா அடுப்பு விற்றவர்; 1935-ல் அதை எப்படி விற்பது என்று சக விற்பனையாளர்களுக்குக் கையேடும் எழுதினார்.) நான்கு அவன் உள்ள ஆகாவில் ஒன்று வெறும் சூடுகாக்க மட்டும். பிரிட்டிஷ் பண்ணைகளில் பனியில் விறைத்துப்போன ஆட்டுக்குட்டியைக் கதவைத் திறந்துவைத்து அதில் கிடத்திப் பிழைக்கவைப்பது ஊரறிந்த பழக்கம்.

கேஸ் அடுப்பும் மின்அடுப்பும் பரவியபோது இலவசச் சூடு போய்விட்டது. அணைத்தால் உடனே ஆறுகிற அடுப்பில் எதை வைத்து எதைச் சூடுகாப்பது? அதனால் சூடுகாப்பதற்கென்றே தனியாக மின்சாரம் செலவழிக்கும் சாதனம் வந்தது. பிரிட்டனில் அது சக்கரம் வைத்த வண்டியாக வந்தது. எக்கோ ஹோஸ்டஸ் என்ற பெயர் 1970களில் நடுத்தர வீட்டு விருந்துகளின் அடையாளம். வீட்டுக்காரம்மா சமைத்து வண்டியில் அடைத்துவிட்டு, விருந்தாளிகளோடு உட்கார்ந்து பேசலாம். அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவன் சுவருக்குள் போனது. சுவரில் ஒரு பொந்து வெட்டியாகிவிட்ட பிறகு அதற்குக் கீழே ஒரு இழுப்பறைக்கு இடம் கண்டுபிடிப்பது கஷ்டமா? அப்படிப் பிறந்ததுதான் இன்றைய வார்மிங் டிராயர்.

நம் ஊர் வீடுகளுக்கு இந்தப் பரம்பரையில் வந்து சேர்ந்தது வேறு ஒரு கிளை. தோஷிபா 1955-ல் தானியங்கி மின் ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது வெந்ததும் நின்றுவிடும். சோற்றைச் சூடாகவே வைத்திருக்கும் மின்னணு ஜாடியை சோஜிருஷி நிறுவனம் 1970-ல் கொண்டுவந்தது. பிறகு இரண்டும் ஒன்றாகின. குக்கரில் 'வார்ம்' என்று எரியும் சின்ன விளக்கு, இந்த இழுப்பறைக்குச் சித்தப்பா மகன்.

கதையின் இருட்டான பகுதி இனிதான். இருநூறு ஆண்டுகளாகச் சூடு என்றால் கைக்குச் சூடு, நாக்குக்குச் சூடு. எத்தனை டிகிரி என்று யாரும் கேட்கவில்லை. 1953-ல் லண்டனின் காலின்டேல் ஆய்வகத்தில் இருந்த பெட்டி ஹாப்ஸும் அவர் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிளாஸ்ட்ரிடியம் வெல்ச்சி (இப்போது பெர்ஃப்ரிஞ்சன்ஸ்) என்ற பாக்டீரியா, சமைத்து மெதுவாக ஆறிய இறைச்சியின் வழியே கூட்டம் கூட்டமாக ஆட்களைப் படுக்கவைக்கிறது என்று அது நிறுவியது. இதன் விதையுறைகள் கொதியிலும் சாகாது. சாப்பாடு ஆறி 45 டிகிரியை ஒட்டி வரும்போது விழித்துக்கொண்டு, சாதகமான நிலையில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்குப் போட்டால் ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் 2 லட்சத்து 62 ஆயிரம்! 45 டிகிரி என்பது தொட்டுப் பார்த்தால் 'நல்லா சூடாத்தான் இருக்கு' என்று தோன்றுகிற சூடு. மனிதக் கை இந்த விஷயத்தில் பொய்சாட்சி.

1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்டவர்களுக்கு வாந்தி. பாசில்லஸ் சீரியஸ் என்ற இன்னொரு கிருமி. வெந்த சோற்றை அறைச்சூட்டில் குவித்து வைத்திருந்து மறுபடி வறுத்ததுதான் காரணம். வாந்தியை உண்டாக்கும் இதன் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ரைஸ் குக்கர்கள் சோற்றை 60 டிகிரிக்கு மேல் பிடித்து வைத்திருப்பது ருசிக்காக மட்டும் இல்லை.

1984 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் உள்ள ஸ்டான்லி ராய்டு மனநல மருத்துவமனையில் சால்மொனெல்லா பரவி 19 நோயாளிகள் இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். 400 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள். சமைத்த மாட்டிறைச்சி கோடை வெப்பத்தில் பல மணி நேரம் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே இருந்திருக்கிறது. அரசு மருத்துவமனைச் சமையற்கூடங்கள் மீது உணவுச் சட்டப்படி வழக்குப் போட முடியாது என்ற விலக்கு அப்போது இருந்தது. இந்தச் சாவுகளுக்குப் பிறகு, 1986-ல் சட்டம் திருத்தப்பட்டு அந்த விலக்கு எடுக்கப்பட்டது. தனக்கு வரும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வேறு கேட்க முடியாதவர்கள்தான் அங்கே செத்தார்கள்.

1995-ல் வந்த விதிகள் இங்கிலாந்தில் சூடாக விற்கும் உணவு 63 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று எண்ணைத் தெளிவாக வைத்தன. அமெரிக்க உணவுக் குறியீட்டில் அது 57 டிகிரி.

இப்போது இழுப்பறையின் திருகுக்குத் திரும்பலாம். பெரும்பாலான மாடல்களில் எண் இருக்காது. கோப்பை, தட்டு, மூடிய பாத்திரம் என்று சின்னச் சின்னப் படங்கள். கோப்பைப் படம் ஏறக்குறைய 40 டிகிரி, தட்டுப் படம் 60-ஐ ஒட்டி, பாத்திரப் படம் 80 அல்லது அதற்குச் சற்று மேல். மாவு பொங்கவைக்கும் நிலை 30-40. இதில் கோப்பைப் படத்தில் குழம்பை வைத்தால் ஹாப்ஸின் கிருமிக்கு நாமே தொட்டில் கட்டி ஆட்டிவிட்ட மாதிரி. சாப்பாடு என்றால் பாத்திரப் படம் மட்டுமே. அதுவும் காலி இழுப்பறையை 15-20 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க இறக்கியதை, சூடேற்றிய பாத்திரத்தில் மூடி வைக்க வேண்டும். திருகு சொல்வது உள்ளே உள்ள காற்றின் சூடு, சாப்பாட்டின் சூடு அல்ல. சில நூறு வாட் மின்சாரத்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குழம்பைச் சூடாக்க முடியாது; அது பல மணி நேரம் ஆபத்தான நடுச்சூட்டில் நீந்திக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் காய்கறி நிறம் மாறி, இறைச்சி காய்ந்து, வைட்டமின் சி-யும் போகும். மொறுமொறுப்பானவற்றுக்கு ஆவி போகத் திறப்பு வேண்டும், குழம்புக்கு மூடி வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் வடை நமுத்துவிடும்.

பராமரிப்பு, கல்விக் காலத்தோடு ஒப்பிட்டால் விளையாட்டு. ஆறிய பிறகு கண்ணாடித் தளத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். உள்ளே அலுமினியத் தாள் விரிக்கக் கூடாது. காற்றோட்டம் அடைபட்டுச் சூடு ஒரே இடத்தில் தேங்கும். இழுப்பறை சரியாக மூடாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பக்கவாட்டுத் தண்டவாளத்தில் சேர்ந்த பிசுக்கும் துணுக்கும். மின்விசிறி ஓடியும் சூடு வரவில்லை என்றால் சூடேற்றும் கம்பியோ, தெர்மோஸ்டாட்டோ, அதிகச் சூட்டில் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஃபியூஸோ போயிருக்கலாம். மின்இணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரால் தொடர்ச்சி பார்க்கும் மெக்கானிக் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். அந்தப் பாதுகாப்பு ஃபியூஸை நேரடியாக ஒட்டவைத்து 'சரி' பண்ணுகிறவரிடம் மட்டும் கொடுக்கக் கூடாது. மரச்சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சாதனம் இது, ஹெப்பிள்வைட்டின் தூண் மாதிரியே.

இன்னொரு கோளாறு பலரைக் குழப்பும். மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்து தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ போட்டால், வீட்டு மின்சாரமே டப்பென்று விழுந்துவிடும். கம்பியைச் சுற்றி உறைக்குள் அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் கசிய, கசிவைக் கண்டுபிடிக்கும் பிரேக்கர் தன் வேலையைச் செய்துவிடும். சில சமயம் மெக்கானிக் அதைக் கழற்றி உலர்த்தினாலே சரியாகிவிடும். இல்லாவிட்டால் கம்பியை மாற்ற வேண்டியதுதான். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சூடாக்கி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.